குதிரைமேல் ஆசை சரி, எந்தப் பட்டம் படிப்பது?

2018 மார்ச் மாதக் கடைசியில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில் பிரதீப் ராத்தோட் என்ற 21 வயதுத் தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் ஆசையாக ஒரு குதிரை வாங்கி வளர்த்துவந்தார். குதிரைமேல் ஏறி வரக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் மிரட்டிவந்ததாக அவருடைய தந்தை சொன்னார். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மணமகன், தன் திருமண ஊர்வலம் ஊருக்குள் போவதற்காக உயர் நீதிமன்றம்வரை போனார். கடைசியில் காவலர்கள் புடைசூழத்தான் அந்த ஊர்வலம் நடந்தது. மணமகனைக் குதிரையிலிருந்து இழுத்துக் கீழே தள்ளினார்கள் என்ற செய்தி வட மாநிலங்களிலிருந்து திருமணப் பருவம்தோறும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆனால் குதிரைக்குக் கொள்ளு ஊறவைக்கக் கூடாது, லத்தி அள்ளக் கூடாது, உடம்பு தேய்த்துவிடக் கூடாது என்று நம் மக்களுக்கு எந்த ஊரிலும் தடை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. குதிரையின் காலடியில் நமக்கு எப்போதும் இடம் உண்டு. முதுகில்தான் இல்லை. குதிரைத் துறையில் வேலைக்குப் போக எந்தப் பட்டம் படிக்கலாம் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதை எழுதக் காரணம் ஒரு மாணவியின் கேள்வி. நான் முனைவர் பட்ட ஆய்வாளர், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் கூட்டங்கள் நடத்துகிறோம். அப்படி ஒரு கூட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் எழுந்து, “அக்கா, குதிரை சம்பந்தமா வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?” என்று கேட்டாள். பின்வரிசையில் சிரித்தார்கள். அவளுடைய தாத்தா பழனியில் குதிரை வண்டி ஓட்டியவர். டாக்டர் ஆகணும், கலெக்டர் ஆகணும் என்று கேட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு என்று நாமே நான்கைந்து கனவுகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதற்கு வெளியே ஒருத்தி கை நீட்டினால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அவளுக்குச் சொன்ன பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு மட்டுமே பயன்படும் பட்டத்தை இளநிலையில் எடுக்காதே. அரசு அங்கீகாரமும் இட ஒதுக்கீடும் உள்ள, குதிரை இல்லாவிட்டாலும் உனக்குச் சோறு போடுகிற படிப்பை முதலில் முடி. முதுநிலையில் குதிரைக்குப் போ. இதற்குக் காரணம், குதிரை உலகம் சாதியாலும் தனியார் தயவாலும் கட்டப்பட்டிருப்பது.

முதலில் அந்த உலகத்தைப் பார்ப்போம். 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து ஏறத்தாழ 3.4 லட்சம். 2012இல் இது 6.25 லட்சமாக இருந்தது. ஏழு ஆண்டுகளில் 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. கோவேறு கழுதைகள் 57 விழுக்காடும் கழுதைகள் 61 விழுக்காடும் குறைந்தன. வண்டி இழுத்த, செங்கல் சூளையில் சுமை தூக்கிய, மலைப்பாதையில் மூட்டை ஏற்றிய விலங்குகள் இவை. இவற்றோடு சேர்ந்து ஏழைக் குடும்பங்களின் பிழைப்பும் சுருங்கியிருக்கிறது. மெரினா மணலிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பையன்களும் இந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே.

இன்னோர் உலகம் பந்தயக் குதிரைகளுடையது. சென்னை, பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா என்று நகர மையங்களில் இருப்பது. அங்கே மேலே உரிமையாளர், அடுத்துப் பயிற்சியாளர், அடுத்து ஜாக்கி, அடியில் சைஸ் என்று அழைக்கப்படும் குதிரைப் பராமரிப்பாளர். சைஸின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். குதிரை தீனி எடுக்கவில்லை என்றாலும், முன்னங்கால் குளம்பில் சூடு தெரிகிறது என்றாலும் முதலில் தெரிந்துகொள்பவர் அவர்தான். குதிரை வென்றால் கோப்பையை வாங்குவது உரிமையாளர். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் விளக்கினார். பந்தய லாயத்தைப் பார்த்தால் அந்த அடுக்கு கண்ணுக்கே தெரியும். சைஸ் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பயிற்சியாளர் ஆகும் படிக்கட்டு அவருக்குத் தானாகத் திறப்பதில்லை. பந்தய மன்றங்கள் தனியார் உறுப்பினர்களின் கழகங்கள். அங்கே இட ஒதுக்கீடு கிடையாது.

கிண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 160.86 ஏக்கர் அரசு நிலம், 1946இல் கையெழுத்தான 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட வராது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று கூறி, 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. உதகை ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அதே ஆண்டில் அரசு எடுத்துக்கொண்டது. பொது நிலம் பொதுமக்களுக்குத் திரும்புவதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு ரேஸ் கோர்ஸின் கதவு மூடப்பட்டால் யார் எங்கே போவார்கள் என்று யோசியுங்கள். உரிமையாளர் குதிரையை லாரியில் ஏற்றி வேறு நகரத்துக்கு அனுப்பலாம். கால்நடை மருத்துவர் மறுநாளே மாட்டுக்கோ நாய்க்கோ வைத்தியம் பார்க்கலாம். கணக்காளர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள சைஸின் கையில், அந்த அனுபவத்தைச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

காகிதம் ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், அவற்றில் பெரும்பகுதி சீக்கிரமே செத்துப்போனதையும் குறிப்பிடுகிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் கட்டவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு மறுபடி விற்கலாம்! அவர் சொன்னதில் எவ்வளவு மிகை என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அறிவை அடைத்து வைப்பது ஒரு வியாபாரம் என்பதைச் சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி படிப்புக்கு வருவோம். என் முதல் பரிந்துரை பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம். ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியோடு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டுமே நீட். 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்களும் உண்டு. நம் இயக்கங்கள் போராடிப் பெற்ற கதவுகள் இவை. ரேஸ் கோர்ஸின் வாசலில் யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். இங்கே மதிப்பெண்ணும் சாதிச் சான்றிதழும் கேட்பார்கள்.

இந்த முடிவைப் பிளஸ் டூ முடித்த பிறகு எடுத்தால் தாமதம். இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் இந்தப் படிப்புக்குள் நுழைவது கடினம். பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று முடிவு செய்கிற பதினைந்து வயதிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. அந்த வயதில் நம் வீடுகளில் இதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டுக் குதிரை மருத்துவர் ஆகலாம் என்று சிலர் நம்புகிறார்கள். விலங்கியல் நல்ல படிப்பு, ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் உதவும். ஆனால் ஊசி போடும் உரிமத்தை அது தராது. கால்நடை மருத்துவராகப் பதிவு செய்ய அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும்.

பட்டம் முடித்தபின் குதிரைக்குப் போகும் வழிகள் பல. கால்நடை அறுவைச் சிகிச்சை, மருத்துவம், இனப்பெருக்கவியல் என்று முதுநிலையில் ஒன்றை எடுத்துக் குதிரையில் கவனம் செலுத்தலாம். ஹரியானாவின் ஹிசாரில் 1985இல் தொடங்கப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் இன்னொரு வளாகம் ராஜஸ்தானின் பிகானேரில். குதிரை நோய்களுக்கான பரிசோதனைகள், தடுப்பூசி, மார்வாரி போன்ற நாட்டு இனங்களைப் பாதுகாப்பது எல்லாம் அங்கே நடக்கும் வேலைகள். ராணுவத்தின் ரீமவுண்ட் வெட்டரினரி கோர் பிரிவு கால்நடை மருத்துவர்களை அதிகாரிகளாக எடுக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் காவல்துறையின் குதிரைப்படை இருக்கிறது. எதுவும் அமையவில்லை என்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் பணி இருக்கிறது. அப்போது உன் மேசைக்கு முன் ஆடும் மாடும் வரும். அது தோல்வி இல்லை. அந்தச் சம்பளத்தில் தம்பியும் தங்கையும் படிப்பார்கள்.

அடுத்து, கவனமாக இருக்க வேண்டிய இடம். குதிரையேற்றம், லாய மேலாண்மை என்று தனியார் தரும் குறுகிய காலச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஏற்கெனவே குதிரையும் நிலமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கூடுதல் திறன். கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அது மண்குதிரை. அதை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. அந்தக் காகிதத்தை மதிப்பதும் மதிக்காததும் ஒரு முதலாளியின் விருப்பம். பந்தய மன்றங்கள் நடத்தும் ஜாக்கிப் பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. ஜாக்கிக்கு உடல் எடை குறைவாக இருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பையனின் ஒல்லி உடம்பு அங்கே மூலதனம் ஆகிறது. அது முறியக்கூடிய மூலதனம். ஒரே ஒரு விழுதலில் எலும்பும் தொழிலும் ஒன்றாக முறிந்துபோகும். போக ஆசைப்படுபவரைத் தடுக்க மாட்டேன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போகாதே என்பேன்.

வெளிநாட்டில் குதிரை அறிவியலுக்கு என்றே இளநிலைப் பட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியலும் மேலாண்மையும் பாடம். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பந்தயத் தொழிலுக்கே தனிப் படிப்பு. இணையத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், இளநிலைக்குக் கிடையாது. ஆண்டுக்கு 125 இடங்கள்தான். எனவே நமக்கான கணக்கு எளிது. இளநிலை இங்கே, அரசுக் கல்லூரியில். அயல்நாடு அதற்குப் பிறகு, உதவித்தொகையில்.

கென்டக்கி என்றதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்றவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். அந்தக் குதிரையைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள். ஐசக் மர்ஃபி மட்டுமே மூன்று முறை வென்றார். அடிமைக் காலத்து லாயங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு அது. பந்தயத்தில் பணமும் புகழும் பெருகியதும் என்ன நடந்தது? வெள்ளை ஜாக்கிகள் ஓடுபாதையிலேயே அவர்களை இடித்துத் தள்ளினார்கள். உரிமையாளர்கள் வாய்ப்பு தருவதை நிறுத்தினார்கள். 1901, 1902 ஆண்டுகளில் ஜிம்மி விங்க்ஃபீல்ட் வென்றதற்குப் பிறகு இன்றுவரை ஒரு கறுப்பின ஜாக்கியும் டெர்பியை வென்றதில்லை. அவர்களிடம் திறமைக்கு ஒரு குறையும் இல்லை. உரிமம் தருகிற இடத்திலும் குதிரையை ஒப்படைக்கிற இடத்திலும் அவர்களுடைய ஆள் இல்லை. திறமை இருந்தால் போதும், பட்டம் எதற்கு என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இந்த வரலாறே பதில்.

பந்தயத்துக்கு வெளியே குதிரையை நம்பி நடக்கும் இன்னொரு பெரிய வேலை பாம்புக்கடி மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய பாம்புகளின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. செத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்தவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், நம் சனங்கள். இந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாகக் கொடுத்துவருவது 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நஞ்சு எடுக்கும் அறிவு இருளரிடம், குதிரையைப் பராமரிக்கும் உழைப்பு பெயர் தெரியாத தொழிலாளரிடம், உற்பத்தி உரிமம் நிறுவனங்களிடம். நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மருந்தியல் படிக்கும் நம் பிள்ளைகள் குதிரைத் துறை என்றால் இதையும் சேர்த்து எண்ண வேண்டும். குதிரையின் உடலில் எவ்வளவு ரத்தம், எத்தனை நாள் இடைவெளியில் எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் மேசையிலும் நம் ஆள் வேண்டும்.

உயிரியல் பிடிக்காதவர்களுக்குச் சட்டமும் வணிகவியலும் இருக்கின்றன. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் சென்னை பந்தய மன்றத்தையே கையகப்படுத்த இன்னொரு சட்டம். 1996இல் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. மன்றத்தைக் கையகப்படுத்தும் சட்டத்தையும் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்றைய இணைய விளையாட்டு நிறுவனங்களும் நீதிமன்றங்களில் எடுத்து வைக்கின்றன. குத்தகை, பந்தய வரி, தொழிலாளர் காப்பீடு எல்லாமே சட்டமும் கணக்கும் தெரிந்தவர்கள் ஆடும் களம். சைஸுகளுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டா, விழுந்து கை ஒடிந்தால் இழப்பீடு யார் தருவது என்று கேட்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதுவும் குதிரைத் துறை வேலைதான்.

“பிடித்ததைப் படிக்கக் கூடாதா? எப்போதும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்றே யோசிக்க வேண்டுமா?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குதிரையேற்றக் குழு டிரெஸாஜ் பிரிவில் தங்கம் வென்றது. 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். அந்த இளைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். பிடித்ததைத் தொடர்வதற்கு அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்க முடிந்தது. நமக்குப் பின்னால் நிற்பது இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் அரசுக் கல்லூரியும். அவரவருக்கு எது முதுகெலும்போ அதன்மேல்தான் ஆசையைக் கட்ட முடியும். ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

பட்டம் பெற்று அந்தத் துறைக்குள் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். லாயத்தில் நிற்கும் சைஸை “அண்ணா” என்று கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள். லாடம் கட்டுபவர், சைஸ், வண்டிக்காரர் ஆகியோரின் அனுபவத்தைத் தேர்வு வைத்து அங்கீகரித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையைக் கால்நடைப் பல்கலைக்கழகம் எடுத்துச் செய்ய வேண்டும் என்று நாம் கோர வேண்டும். அப்பாவுக்குக் கையில் ஒரு சான்றிதழ், மகளுக்கு அதே வளாகத்தில் ஒரு பட்டம். இது பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கை இல்லை.

அதற்கு முன்னால், இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் விடுதிக்குப் போங்கள். பத்தாம் வகுப்பு முடித்து எந்தக் குரூப் எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளிடம், உயிரியல் எடுத்தால் கால்நடை மருத்துவமும் படிக்கலாம், அதற்கு நீட் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது குதிரை என்றால் சிரிக்காதீர்கள்.